பேத்திக்கு என்ன பெயர்?

எங்கள் தென்னேரியில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், "என்ன குழந்தை?" என்பது முதல் கேள்வி. "இன்னா பேரு?" என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் நம் கையில் இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் முழுக்க முழுக்க நம் கையில்தான் இருக்கிறது. ஆனால் சகோதரிகளே, வீட்டுக்கு வீடு மனஸ்தாபம் வருவது என்னவோ இந்த இரண்டாவது கேள்வியில்தான்!

போன வருஷம் எங்கள் பக்கத்து வீட்டில் இதே கதை நடந்தது. மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். அவளுக்குத் தாயார் இல்லை. அதனால் பிள்ளைப்பேறு பார்த்ததெல்லாம் மாமியார் வீட்டிலேயே. முதலாவது பெண். இரண்டாவதும் பெண். மாமியாருக்கு முகம் சரியில்லை. "பத்தியத்துக்குப் பூண்டுக் குழம்பு வெச்சிருக்கேன், சாப்பிடு" என்று அன்பாகத்தான் சொல்வார். ஆனால் குழந்தையைத் தூக்கும்போது மட்டும் ஒரு பெருமூச்சு வரும்.

பேர் வைக்கும் நாள் நெருங்கியது. ஒரு நாள் சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மாமியாரும் மருமகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள்.

"டீச்சரம்மா, நீங்களே நியாயத்தைச் சொல்லுங்க. 'போதும்பொண்ணு'ன்னு பேர் வெச்சா அடுத்தது ஆம்பளைப் புள்ளையாப் பொறக்கும்னு எங்க காலத்துல சொல்லுவாங்க. இவ இன்னான்னா சீமைப் பேரா வெக்கணும்னு நிக்கிறா" என்றார் மாமியார்.

மருமகளின் தங்கை நர்ஸ் வேலைக்குப் போய் ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில் இருக்கிறாள். அவள் செல்போனில் ஒரு பட்டியல் அனுப்பியிருந்தாள். மருமகள் ஒவ்வொன்றாக வாசித்தாள். ஃபியோனா, ஐலா, ஐல்சா, மோராக், கிர்ஸ்டி, ஜெஸ்ஸி...

"மோராக்கா? மோரா, தயிரா?" என்றார் மாமியார். "ஐல்சாவாம்! படகு தள்றவங்க போடற சத்தமாச்சே அது!"

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆனால் மருமகளின் கண்ணில் நீர் கோத்திருந்தது. அவளுக்கு வேண்டியது சீமைப் பெயர் இல்லை. 'போதும்' என்ற சொல் தன் குழந்தையின் தலையில் ஏறக்கூடாது. அவ்வளவுதான். அதற்காக எட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு பட்டியலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அன்று அவர்கள் இருவருக்கும் நான் சொன்ன விஷயங்களைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு தொட்டில் கட்டும் நாள் வரும் அல்லவா?

அங்கேயும் பேரன்தான், பேத்திதான்

ஸ்காட்லாந்து என்பது இங்கிலாந்துக்கு வடக்கே உள்ள நாடு. மலை, ஏரி, தீவுகள் நிறைந்த பூமி. அங்கே மலைநாட்டிலும் தீவுகளிலும் பேசிவந்த பழைய மொழிக்கு கேலிக் என்று பெயர். டொனால்ட், டங்கன், மால்கம், கென்னத், ஃபெர்கஸ் என்று நாம் கேள்விப்படும் பல பெயர்கள் அந்த மொழியிலிருந்து வந்தவைதான்.

அவர்கள் பெயர் வைக்கும் பழைய முறையைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மூத்த மகனுக்குத் தகப்பனாரின் தகப்பனார் பெயர். இரண்டாவது மகனுக்குத் தாயாரின் தகப்பனார் பெயர். மூத்த மகளுக்குத் தாயாரின் தாயார் பெயர். இரண்டாவது மகளுக்குத் தகப்பனாரின் தாயார் பெயர். அதன் பிறகுதான் பெற்றவர்களின் சொந்தப் பெயருக்கு இடம். எல்லாக் குடும்பமும் தப்பாமல் இப்படிச் செய்தது என்று சொல்ல முடியாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருந்த வழக்கம் இது.

நம்மிடம் இல்லாததா? 'பேரன்' என்ற சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்தது. பாட்டனின் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குகிறவள் பெயர்த்தி, அதாவது பேத்தி. நாம் தினம் நூறு முறை சொல்கிற சொல்லுக்குள்ளேயே நம் வழக்கம் ஒளிந்திருக்கிறது.

இப்படி வைப்பதால் ஒரு சங்கடமும் வரும். ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரை மீனவர் குப்பங்களில் இதற்காகவே ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊரிலும் 'மேட்டுத்தெரு கோவிந்தசாமி', 'குள்ளக் கோவிந்தசாமி' என்று சொல்வதில்லையா? அதே கதைதான்!

நம் இனிஷியல், அவர்கள் 'மக்'

மக்டொனால்ட், மக்லியாட், மக்ஃபெயில் என்று நிறையப் பெயர்களில் முன்னால் ஒரு 'மக்' வருகிறது, பாருங்கள். கேலிக் மொழியில் 'மக்' என்றால் மகன். மக்டொனால்ட் என்றால் டொனால்டின் மகன். மக்ஃபெயில் என்றால் பவுலின் மகன். நாம் பெயருக்கு முன்னால் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிறோம். அவர்கள் முழுப் பெயரையும் போட்டுக்கொண்டார்கள்.

மகளுக்கு? கேலிக்கில் மகளுக்கு 'மக்' போடமாட்டார்கள். 'நிக்' என்று வேறு சொல் உண்டு. ஆனால் ஆங்கிலத்தில் எழுதும்போது பெண்களையும் 'மக்' என்றே எழுதிவிட்டார்கள். அதனால் இன்றைக்கு ஸ்காட்லாந்தில் லட்சக்கணக்கான பெண்கள் பெயரளவில் 'மகன்'களாகவே உலவுகிறார்கள்!

அர்த்தம் தெரிந்தால் அந்நியமில்லை

வெளிநாட்டுப் பெயர் என்றால் ஏதோ புரியாத ஓசை என்று நினைக்கிறோம். அர்த்தத்தைப் பிரித்துப் பார்த்தால், அடடே, நம் வீட்டுப் பெயர்கள்!

டொனால்ட் என்றால் உலகை ஆள்பவன். நம் லோகநாதன், உலகநாதன்.

கென்னத் என்றால் அழகன். நம் சுந்தரம்.

ஃபியோனா என்பது வெண்மை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் வெள்ளையம்மாள், கௌரி. இது அப்படியொன்றும் பழைய பெயர் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் மக்ஃபர்சன் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞர் உண்டாக்கிய பெயர் என்று சொல்வார்கள்.

மால்கம் என்றால் புனித கொலும்பாவின் தொண்டன். நம் முருகதாஸ், ராமதாஸ் மாதிரி ஒரு 'தாசன்' பெயர்.

டக்ளஸ் என்றால் கருநீர், அதாவது கறுத்த ஓடை. முதலில் ஆற்றுக்கும் ஊருக்கும் இருந்த பெயர். பிறகு ஆளுக்கு வந்தது. காவேரி, கங்கா என்று நாம் வைப்பதில்லையா?

கிரெய்க் என்றால் பாறை. கிளென் என்றால் மலையிடைப் பள்ளத்தாக்கு. ராஸ் என்றால் நிலம் நீட்டிக்கொண்டிருக்கும் முனை. பழனி, சிதம்பரம் போல இவையும் இடத்திலிருந்து ஆளுக்கு வந்த பெயர்கள்.

ஜெஸ்ஸி என்றதும் நமக்கு 2010-இல் வந்த 'விண்ணைத்தாண்டி வருவாயா' படத்தின் கதாநாயகி ஞாபகம் வருவாள். ஸ்காட்லாந்தில் ஜெஸ்ஸி என்பது ஜேனட் என்ற பெயரின் செல்லச் சுருக்கம். எல்சி என்பது எலிசபெத்தின் ஸ்காட்லாந்து வடிவமான எல்ஸ்பெத் என்ற பெயரின் சுருக்கம். கிர்ஸ்டி என்பது கிறிஸ்டினாவின் சுருக்கம். நம் ஊர்க் கிறிஸ்துவக் குடும்பங்களில் எத்தனை ஜெஸ்ஸிகள், எத்தனை எல்சிகள்!

எல்லா அர்த்தமும் இனிப்பாக இருக்காது. கேமரன் என்றால் கோணல் மூக்கு. கேம்ப்பெல் என்றால் கோணல் வாய். யாரோ ஒரு மூதாதைக்கு ஊரார் வைத்த பட்டம் வம்சத்துக்கே ஒட்டிக்கொண்டது. இதனால்தான் சொல்கிறேன், அர்த்தம் கேட்காமல் பெயர் வைக்காதீர்கள்.

சில பெயர்கள் நம்மை ஏமாற்றவும் செய்யும். லோகன் என்றால் நமக்கு லோகநாதனின் சுருக்கம். ஸ்காட்லாந்தில் அது ஓர் ஊர்ப் பெயர். சிறு பள்ளம் என்று அர்த்தம். நீல் என்றால் நமக்கு நீலநிறம். அவர்களுக்கு அது நியால் என்ற பழைய கேலிக் பெயர். ஓசை ஒன்று, வேர் வேறு.

நம் மண்ணில் நிலைத்த பெயர்கள்

"இதெல்லாம் எங்கேயோ இருக்கிற சமாச்சாரம், நமக்கு என்னத்துக்கு?" என்று மாமியார் கேட்டார். எங்கேயோ இல்லை பெரியம்மா, பஸ் ஏறினால் போதும் என்றேன்.

காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பள்ளி இருக்கிறது. ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்திலிருந்து 1837-இல் சென்னைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கியவர். அந்தப் பள்ளிதான் வளர்ந்து சென்னை கிறிஸ்துவக் கல்லூரி ஆயிற்று. செங்கல்பட்டில் புனித கொலும்பா பள்ளி இருக்கிறது. 563-ஆம் ஆண்டு அயர்லாந்திலிருந்து கடல் தாண்டிப் போய், ஸ்காட்லாந்தின் அயோனா தீவில் மடம் அமைத்த துறவி கொலும்பா. கொலும்பா என்றால் புறா. அந்தத் தீவின் பெயரைத்தான் இப்போது 'அயோனா' என்று பெண் குழந்தைகளுக்கு வைக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வைப்பது ஒரு மரியாதை. பிள்ளைக்குப் பெயர் வைப்பது அதைவிடப் பெரிய மரியாதை. அதுவும் நம் பக்கத்தில் நடந்திருக்கிறது.

தாமஸ் மன்றோவைச் சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் சிலையாகப் பார்த்திருப்பீர்கள். கிளாஸ்கோவில் பிறந்தவர். 1800 முதல் 1807 வரை இப்போதைய ஆந்திராவின் கடப்பை, அனந்தபூர் பகுதிகளில் கலெக்டராக இருந்தார். ஒவ்வொரு விவசாயியிடமும் நேரே நிலவரி பேசும் ரயத்துவாரி முறையோடு சேர்த்துச் சொல்லப்படுபவர். பிறகு சென்னை கவர்னராகி, 1827-இல் அந்தப் பக்கம் சுற்றுப்பயணம் போனபோதே காலராவில் இறந்தார். அந்தச் சீமையில் பிள்ளைகளுக்கு 'மன்றோலப்பா', 'மன்றோலம்மா' என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். ஸ்காட்லாந்துப் பெயரோடு நம் 'அப்பா'வும் 'அம்மா'வும் ஒட்டிக்கொண்ட அழகைப் பாருங்கள்!

நம் தேனி மாவட்டத்தில் இன்னொரு பெயர். முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி 1895-இல் முடித்த ஜான் பென்னிகுவிக். அவர் பிறந்தது பூனாவில். ஆனால் பென்னிகுவிக் என்ற குடும்பப் பெயர் ஸ்காட்லாந்தில் எடின்பரோவுக்குப் பக்கத்தில் உள்ள ஓர் ஊரின் பெயர். கம்பம் பள்ளத்தாக்கில் அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறார்கள். அவர் பிறந்த நாளான ஜனவரி 15-இல் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு 'பென்னிகுவிக்' என்றே பெயர் வைத்த குடும்பங்களும் அங்கே உண்டு.

அந்த ஊர்ப் பெயருக்கு அர்த்தம் என்ன தெரியுமா? குயில் குன்று! அதைத் தெரிந்துகொண்டா அந்தத் தாய்மார்கள் பெயர் வைத்தார்கள்? இல்லை. வறண்டு கிடந்த வயலுக்குத் தண்ணீர் கொண்டுவந்த மனிதரின் ஞாபகம் தங்கள் வீட்டில் ஓடியாட வேண்டும் என்று வைத்தார்கள்.

ஏரித் தண்ணீரில் விளைந்த நெல்லைச் சாப்பிடுகிற நமக்கு இது புரியாதா? நம் தென்னேரிக்கே பழைய பெயர் திரையனேரி என்பார்கள். தொண்டைமான் இளந்திரையன் பெயரால் வந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படுகிற செய்தி. திரை என்றால் அலை. அரசன் போய்விட்டான். பெயரை ஏரி வைத்துக்கொண்டிருக்கிறது. அங்கே அணை கட்டியவரின் பெயரைப் பிள்ளைகள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வில்லியமீனாவும் போதும்பொண்ணும்

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் ஆண் வாரிசுக்கு என்று ஒரு பெயர் காத்திருக்கும். பிறப்பது பெண்ணாக இருந்தால்? பெயரை வீணாக்க மாட்டார்கள். பின்னால் ஓர் 'ஈனா' சேர்த்துப் பெண்ணுக்கே வைத்துவிடுவார்கள். டொனால்ட், டொனால்டீனா. ஜேம்ஸ், ஜேம்ஸீனா. ஹியூ, ஹியூவீனா. வில்லியம், வில்லியமீனா. கேட்கக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். நம் ஊரில் முனியன் முனியம்மாள் ஆவதும், சுப்பன் சுப்பம்மாள் ஆவதும் போலத்தான்.

ஆண் பிள்ளை ஆசை அங்கேயும் இருந்தது. ஆனால் ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். டொனால்டீனா என்றால், "தாத்தா பெயருக்கு நீயும் வாரிசு" என்று குழந்தையிடம் சொல்வது. 'போதும்' என்றால், "நீ வந்திருக்கவே வேண்டாம்" என்று சொல்வது. ஒன்று சொத்து கொடுப்பது. இன்னொன்று குறை சொல்வது. நம் வட மாவட்டங்களில் சில கிராமங்களில் 'வேண்டாம்' என்றே பெண் குழந்தைக்குப் பெயர் வைத்தவர்கள் உண்டு. அந்தப் பெண் ஆயுசு முழுவதும் அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும்!

அப்படி ஆண் பெயரைச் சுமந்த இரண்டு ஸ்காட்லாந்துப் பெண்களின் கதையைச் சொல்கிறேன்.

வில்லியமீனா ஃபிளெமிங், டண்டீ நகரத்தில் 1857-இல் பிறந்தவர். கல்யாணமாகி அமெரிக்கா போன இடத்தில், வயிற்றில் குழந்தையோடு இருக்கும்போது கணவன் கைவிட்டுவிட்டான். ஹார்வர்டு வானாராய்ச்சி நிலையத் தலைவர் எட்வர்டு பிக்கரிங் வீட்டில் வேலைக்காரியாகச் சேர்ந்தார். பிறந்த மகனுக்கு எட்வர்டு என்று அவர் பெயரையே வைத்தார். பிக்கரிங் அவரை ஆராய்ச்சி நிலைய வேலைக்கு எடுத்துக்கொண்டார். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட நட்சத்திரங்களை வகை பிரித்தவர் அவர். வானத்தில் குதிரைத் தலை போலத் தெரியும் அந்தக் கரிய மேகத்தை 1888-இல் ஒரு போட்டோத் தகட்டில் முதன்முதலில் கண்டுபிடித்ததும் அவர்தான்.

அதே 1888-இல் இன்னொரு ஸ்காட்லாந்துப் பெண் கப்பலேறிச் சென்னைக்கு வந்தார். அலெக்ஸாண்டர் என்ற ஆண் பெயரிலிருந்து வந்த 'அலெக்ஸாண்ட்ரீனா' அவருடைய முதல் பெயர். டாக்டர் அலெக்ஸாண்ட்ரீனா மட்டில்டா மக்ஃபெயில். ஆண் டாக்டரிடம் உடம்பைக் காட்டக் கூச்சப்பட்டு வீட்டுக்குள்ளேயே பெண்கள் கஷ்டப்பட்ட காலம் அது. சென்னையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பணி வளர்ந்து வடசென்னையில் ரெய்னி ஆஸ்பத்திரியாக நிலைத்தது. கிறிஸ்டினா ரெய்னி என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணியின் ஞாபகமாக வைத்த பெயர் அது. இன்றைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் பிரசவம் நடக்கிறது.

"வீட்டில் 'பொண்ணா பொறந்துடுச்சே' என்று அந்தக் குழந்தைகளைத் தள்ளி வைத்திருந்தால்?" என்று கேட்டேன்.

இன்னொன்றும் சொல்லவேண்டியிருந்தது. குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தகப்பனின் அணுவே தவிர, தாயின் கருமுட்டை அல்ல. தாயிடமிருந்து எப்போதும் ஒரே வகைக் குரோமோசோம்தான் போகிறது. தகப்பனிடமிருந்து போகும் இரண்டு வகைகளில் எது சேருகிறதோ அதைப் பொறுத்தது. அதுவும் யார் கையிலும் இல்லை. குழந்தைக்கு வைக்கும் பெயர் அடுத்த குழந்தையை ஒருநாளும் மாற்றாது. ஆனால் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரியின் மனசை அது நிச்சயம் முறிக்கும். மனசு முறிந்தால் தூக்கம் கெடும். சாப்பாடு இறங்காது. குழந்தைக்குப் பால் கொடுப்பதுகூடப் பாரமாகிவிடும். பிரசவத்துக்குப் பிறகு தாய் ஓயாமல் அழுகிறாள், எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறாள், அது இரண்டு வாரத்துக்கு மேலும் நீடிக்கிறது என்றால், 'பிடிவாதம்' என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் அழைத்துப் போகவேண்டும்.

மாமியார் சொன்னது

நான் பேசி முடித்ததும் மாமியார் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. கீரைக் கட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்து நகத்தால் கிள்ளிக்கொண்டே இருந்தார். பிறகு, "என் பேரு தெரியுமா டீச்சரம்மா உங்களுக்கு?" என்றார்.

பதினைந்து வருஷமாகப் பக்கத்து வீடு. நான் கூப்பிடுவது 'பெரியம்மா'. மருமகள் கூப்பிடுவது 'அத்தை'. ஊரில் மகன் பெயரைச் சொல்லி 'இன்னார் அம்மா' என்பார்கள். எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. ரேஷன் கார்டில் எப்போதோ பார்த்தது மெல்ல நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை. அதுவும் அந்த ரகப் பெயர்தான்.

"நான் நாலாவது பொண்ணு. பள்ளிக்கூடத்துல வாத்தியார் பேர் கூப்பிட்டா பசங்க எல்லாம் சிரிப்பாங்க. அந்த வெக்கத்துலயே அஞ்சாங்கிளாஸோட நின்னுட்டேன். அதை நெனச்சா இப்பவும் வயித்தைப் பெசையுது. அப்பிடியிருந்தும் இந்தப் புள்ளைக்கு அதையே வெக்கச் சொன்னேன், பாருங்க."

மருமகள் மெதுவாக, "டீச்சர் சொன்ன கணக்குப்படி பாத்தா, ரெண்டாவது பொண்ணுக்கு அப்பாவோட அம்மா பேருதானே அத்தை? உங்க பேரைத்தான் வெக்கணும்" என்றாள். வீம்புக்குச் சொன்னாளா, அன்பில் சொன்னாளா, எனக்குத் தெரியவில்லை.

"வேணாம்டி கண்ணு. என் பேரு என்னோட போவட்டும்."

அதற்குப் பிறகு மருமகள் கேட்டதுதான் எனக்கு மறக்காது. "சரி அத்தை. உங்களுக்கு இன்னா பேரு வெச்சிருந்தா புடிச்சிருக்கும்?"

யோசிக்கவே இல்லை அந்த அம்மாள். ஐம்பது வருஷமாக வாயில் வைத்திருந்தது போல ஒரு பெயரைச் சொன்னார். ஒரு பூவின் பெயர். சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். பேர் வைத்த அன்று குழந்தையின் காதில் மூன்று தரம் அதைச் சொன்னது பாட்டிதான். எந்தப் பூ என்று கேட்கிறீர்களா? பத்திரிகையில் எழுதுவேன் என்று சொன்னபோது, "எங்க பேரெல்லாம் போடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அதனால் சொல்லவில்லை. கிளாஸ்கோ சித்திக்கு மட்டும் முதலில் கொஞ்சம் ஏமாற்றம். கதையைக் கேட்டதும், "என் பட்டியலை விட இதுதான் ஸ்காட்லாந்து முறை" என்று போனிலேயே சிரித்தாளாம்.

பெயர் வைக்குமுன் கவனியுங்கள்

1. யார் ஞாபகமாக வைக்கிறோம் என்று முதலில் கேளுங்கள். புதுமைக்காக மட்டும் வைத்த பெயர் பத்து வருஷத்தில் பழசாகிவிடும். ஒருவர் ஞாபகமாக வைத்தது பழசாகாது.

2. வெளிநாட்டுப் பெயர் வைப்பதில் தப்பே இல்லை. ஆனால் அதன் அர்த்தத்தையும் வேரையும் விசாரித்து வையுங்கள்.

3. வீட்டிலேயே வயதான பாட்டியைக் கூப்பிட்டுப் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் வாயில் நுழையாத பெயர் வேறு பெயராக மாறிவிடும். நம் மொழியில் வேறு அர்த்தம் வருகிறதா என்றும் பாருங்கள். ஐலா என்பது அங்கே அழகான ஆற்றின் பெயர். நம் கடற்கரையிலோ அயிலை மீன் ஞாபகம் வந்துவிடும்! பள்ளிக்கூடத்துக் கேலியைத் தாங்கப்போவது குழந்தைதான்.

4. குறையோ கோபமோ ஏமாற்றமோ பெயரில் ஏறக்கூடாது.

5. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். ஆஸ்பத்திரிப் பிரசவமாக இருந்தால் அவர்களே தெரிவித்துவிடுவார்கள். பெயர் முடிவாகவில்லையே என்று பதிவைத் தள்ளிப்போடாதீர்கள். பெயர் இல்லாமலே பதிந்துவிட்டு, ஒரு வருஷத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர்ப்பது முதல் பல காரியங்களுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம்.

6. பதிவு செய்யும்போது தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்துக்களை ஒன்றுக்கு இரண்டு தரம் சரிபாருங்கள். இனிஷியலையும் பாருங்கள். பின்னால் ஓர் எழுத்தைத் திருத்துவதற்குள் நடையாய் நடக்க வேண்டியிருக்கும்.

7. வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். 'குட்டி', 'பாப்பா' எல்லாம் இருக்கட்டும், பெயரும் காதில் விழ வேண்டும். நாலரை, ஐந்து மாதத்திலேயே தன் பெயரின் ஓசையைக் குழந்தை தனியாக அடையாளம் காணத் தொடங்கும். ஒன்பது மாதம் ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவில்லை என்றால், காது சரியாகக் கேட்கிறதா என்று டாக்டரிடம் காட்டுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் செய்யக்கூடியது நிறைய உண்டு.

நேற்றுச் சாயங்காலம் ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டு வந்தேன். பக்கத்து வீட்டு வாசலில் குழந்தை தவழ்ந்துகொண்டிருந்தது. உள்ளேயிருந்து பாட்டி அந்தப் பூவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். குழந்தை டக்கென்று தலையைத் திருப்பிப் பார்த்துச் சிரித்தது. பாட்டி மறுபடியும் கூப்பிட்டார். வேலை ஒன்றும் இல்லை. கூப்பிட ஆசை, அவ்வளவுதான்.